ஒரே சொல்லில் ஓட்டமும் நோன்பும்

பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கும் தாய்மார்களைத் தடுமாற வைக்கும் சொற்கள் நீளமான சொற்கள் அல்ல. நீளமான சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான் இருக்கும். அகராதியைப் புரட்டினால் வேலை முடிந்துவிடும். மூன்று நான்கு எழுத்துக்களில் அமைந்த குட்டிச் சொற்கள்தான் நம்மைச் சுற்றி வளைத்துக் கொள்கின்றன. அவற்றுள் நமது இல்லங்களுக்கு மிக நெருக்கமான ஒரு சொல்லை இங்கே எடுத்துக் கொள்வோம். அதுதான் 'ஃபாஸ்ட்' என்ற சொல்.

ஃபாஸ்ட் என்றால் என்ன என்று உங்கள் மகனிடம் கேட்டுப் பாருங்கள். 'வேகம்' என்பான். கிறிக்கெட் பார்க்கும் பிள்ளையாக இருந்தால் 'ஃபாஸ்ட் பௌலர்' என்று டெஸ்ட் போட்டிகளில் 355 விக்கெட்டுகளை வீழ்த்திய சமிந்த வாஸின் பெயரையும் சேர்த்துச் சொல்வான். மகளிடம் கேட்டால் 'நோன்பு' என்பாள். இருவருமே சரிதான். ஆனால் இன்னும் ஒரு பொருள் இருக்கிறது. அதுதான் இந்தச் சொல்லின் மூத்த பொருள். 'அசையாமல் உறுதியாக இருப்பது' என்பதே அது.

வேகமாக ஓடுவதும் ஃபாஸ்ட். அசையாமல் நிற்பதும் ஃபாஸ்ட். உண்ணாமல் பருகாமல் இருப்பதும் ஃபாஸ்ட். இது எப்படி வந்தது? இதனால் நமக்கு என்ன? வெறும் மொழிப் பாடம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் சகோதரிகளே. மருந்துப் போத்தலிலும், இரத்தப் பரிசோதனைத் துண்டிலும், சுவரில் தொங்கும் மணிக்கூட்டிலும் இந்தச் சொல் நம்மைச் சந்திக்கிறது. பொருளை மாற்றிப் புரிந்துகொண்டால் சில இடங்களில் துணி கெடும். சில இடங்களில் உடலுக்கே கேடு வரும்.

வேர் ஒன்று, கிளைகள் மூன்று

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் 'ஃபெஸ்ட்' என்றொரு சொல் இருந்தது. இறுக்கமானது, அசையாதது என்பது அதன் பொருள். இன்றும் ஜேர்மன் மொழியில் 'ஃபெஸ்ட்' என்றால் உறுதியானது என்றே பொருள்.

இதிலிருந்துதான் நோன்பும் பிறந்தது. கட்டுப்பாட்டை இறுகப் பிடித்துக் கொள்வது, விதித்ததைக் கண்டிப்பாகப் பேணுவது என்ற கருத்தில், உணவை விட்டும் தன்னைத் தடுத்துக் கொள்வதற்கு அந்தச் சொல்லையே பயன்படுத்தினார்கள். ஆங்கிலத்துக்கு உறவுமொழியான பழைய கோதிக் மொழியிலும் 'ஃபாஸ்தான்' என்ற ஒரே சொல் 'பேணிக் காத்தல்', 'நோன்பிருத்தல்' என்ற இரண்டையும் குறித்தது.

வேகம் எங்கிருந்து வந்தது? உறுதியாக ஒரு காரியத்தைச் செய்கிறவர் பலமாகச் செய்வார். பலமாக ஓடுகிறவர் விரைவாக ஓடுவார். 'உறுதியாக' என்பது 'பலமாக' ஆகி, பிறகு 'விரைவாக' ஆகிவிட்டது. இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் நமது தமிழிலும் இதே பயணம் நடந்திருக்கிறது. 'கடுமை' என்றால் வன்மை. 'கடுகிச் செல்' என்றால் விரைந்து செல். 'கடு' என்ற ஒரே வேர் வன்மைக்கும் வேகத்துக்கும் வழி விட்டிருக்கிறது அல்லவா?

ஆகவே பிள்ளைக்கு இப்படிச் சொல்லிக் கொடுங்கள். ஃபாஸ்ட் என்ற சொல்லுக்கு மூன்று கிளைகள். ஒன்று பிடி, மற்றது ஓட்டம், மூன்றாவது நோன்பு. வாக்கியத்தில் பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்த்தால் எந்தக் கிளை என்று தெரிந்துவிடும்.

நாம் நோன்பு 'பிடிக்கிறோம்'

இங்கே நமது பேச்சு வழக்கையும் சற்று எண்ணிப் பாருங்கள். 'நோன்பு பிடிச்சீங்களா?' என்றுதான் நம் வீடுகளில் கேட்கிறோம். பழைய ஆங்கிலேயர் இறுகப் பிடித்தல் என்ற பொருளிலிருந்து நோன்புக்குப் பெயர் வைத்தார்கள். நாமோ பிடித்தல் என்ற சொல்லையே நோன்போடு சேர்த்துச் சொல்கிறோம். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததல்ல இது. நோன்பின் இயல்பே இரு மொழியினரையும் ஒரே எண்ணத்துக்குக் கொண்டு சென்றிருக்கிறது.

'நோன்பு' என்ற தமிழ்ச் சொல்லுக்கு உறவான 'நோன்மை' என்பதற்குப் பொறுமை என்றும் வலிமை என்றும் பொருள். அரபியில் 'ஸவ்ம்' என்றால் தடுத்துக் கொள்ளுதல். அதனால்தான் அல்குர்ஆனின் 19ஆவது சூறாவில், மர்யம் (அலை) அவர்கள் யாருடனும் பேசாதிருக்க நேர்ந்து கொண்டதைக் கூறும் 26ஆம் வசனத்திலும் அதே 'ஸவ்ம்' என்ற சொல் வருகிறது. அங்கே தடுத்துக் கொண்டது பேச்சை. மூன்று மொழிகளிலும் பசி என்ற கருத்தே இந்தச் சொற்களின் வேரில் இல்லை. உறுதி, பொறுமை, தடுத்தல் ஆகியவையே இருக்கின்றன. நோன்பு என்பது பட்டினி மட்டுமல்ல என்று பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல வாய்ப்பு வேண்டுமா?

இன்னொன்று. அல்குர்ஆனின் ஆங்கில மொழிபெயர்ப்பை வாசிக்கும் பிள்ளைகள் மூன்றாவது சூறாவின் 103ஆம் வசனத்தில் 'ஹோல்ட் ஃபாஸ்ட்' என்ற சொற்களைக் காண்பார்கள். 1930ல் வெளிவந்த பிக்தாலின் மொழிபெயர்ப்பிலும், யூசுப் அலியின் மொழிபெயர்ப்பிலும் அப்படியே இருக்கிறது. அல்லாஹ்வின் கயிற்றைப் பற்றிய வசனம் அது. அங்கே ஃபாஸ்ட் என்றால் வேகமும் அல்ல, நோன்பும் அல்ல. இறுகப் பற்றிப் பிடியுங்கள் என்பதே பொருள். 'ஸ்டெட்ஃபாஸ்ட்' என்ற சொல்லும் இப்படித்தான். இருந்த இடத்தில் நிலைகுலையாமல் நிற்பவர் என்பது அதன் கருத்து. ஸபூர் உள்ளவர்களைக் குறிக்க மொழிபெயர்ப்பாளர்கள் அடிக்கடி எடுத்தாளும் சொல் அது.

திறப்பதா, முறிப்பதா?

மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் நாம் நோன்பு 'திறக்கிறோம்'. ஆங்கிலத்தில் திறப்பதில்லை. 'ப்ரேக்' செய்கிறார்கள், அதாவது முறிக்கிறார்கள். நமக்கோ நோன்பு முறிவது என்றால் பாழாவது. அதனால் நமது பிள்ளைகள் அந்தச் சொல்லை எழுதத் தயங்கி, 'ஓப்பன்' என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கில ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் கோடிடுவார். 'ப்ரேக் மை ஃபாஸ்ட்' என்பதே வழக்கு. அரபியில் 'இஃப்தார்' என்ற சொல்லின் வேரும் பிளத்தல் என்ற பொருள் கொண்டதே என்று பிள்ளைக்குச் சொன்னால் தயக்கம் நீங்கிவிடும்.

காலைச் சாப்பாட்டுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் இதுதான். 'ப்ரேக்', 'ஃபாஸ்ட்' இரண்டும் சேர்ந்ததே 'ப்ரெக்ஃபஸ்ட்'. இரவு முழுவதும் உண்ணாமல் இருந்ததை விடியற்காலையில் முடிப்பது என்பது பொருள். சேர்ந்தபோது உச்சரிப்பு குறுகிவிட்டது. பிள்ளைகள் 'ப்ரேக்' என்று நீட்டினால் திருத்துங்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. 'ப்ரேக் த ஃபாஸ்ட்' என்பதற்கு ஆங்கிலத்திலேயே இரண்டு பொருள் உண்டு. உரிய நேரத்தில் நோன்பு திறப்பது ஒன்று. நேரத்துக்கு முன் நோன்பை விட்டுவிடுவது மற்றது. நீரிழிவு நோயாளருக்கான ரமழான் கைந்நூல்களில் இரண்டாவது பொருள்தான் முக்கியம். சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் மற்றோர் அமைப்புடன் இணைந்து 2016ல் வெளியிட்ட வழிகாட்டலில், நோன்பாளியின் இரத்தச் சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பை 'ப்ரேக்' செய்ய வேண்டும் என்று கூறப்பட்டிருக்கிறது. மஃரிபு வரை பொறுத்திருந்து திறக்கும்படி அது சொல்லவில்லை. அந்த நிமிடமே விட்டுவிடும்படி சொல்கிறது. வீட்டில் வயதான உம்மாவுக்கு இத்தகைய துண்டுப் பிரசுரத்தை வாசித்துக் காட்டும் மகள் இந்த வித்தியாசத்தை அறிந்திருக்க வேண்டும்.

பரிசோதனைத் துண்டில் எழுதியிருப்பது எந்த நோன்பு?

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமான இடத்துக்கு வருவோம். வைத்தியர் தரும் துண்டில் 'எஃப்.பி.எஸ்.' என்று எழுதியிருக்கும். 'ஃபாஸ்டிங் பிளட் சுகர்' என்பதன் சுருக்கம் அது. வைத்தியசாலையின் ஃபாஸ்டிங் வேறு, நமது ஃபாஸ்டிங் வேறு.

வைத்தியசாலையின் கணக்கில் ஃபாஸ்டிங் என்றால், குறைந்தது எட்டு மணித்தியாலங்கள் உணவோ சீனி கலந்த பானமோ உட்கொள்ளாமல் இருப்பது. வெறும் தண்ணீர் குடிக்கலாம். நமது நோன்பில் தண்ணீரும் கூடாது. ஆனால் அதற்கு முந்திய எட்டு மணித்தியாலக் கணக்கும் கிடையாது. ஸஹர் முடிந்த அந்த நிமிடத்திலிருந்து நாம் நோன்பாளிகள்.

இப்போது இப்படி ஒரு நிலையை எண்ணிப் பாருங்கள். ரமழான் மாதம். ஒரு சகோதரி அதிகாலை 4.30க்கு சோறும் வாழைப்பழமும் சாப்பிட்டு, சீனி போட்ட தேநீரும் குடித்து நிய்யத் வைக்கிறார். காலை 6.30க்கு இரத்தம் கொடுக்கப் போகிறார். 'ஃபாஸ்டிங்கா?' என்று கேட்கிறார்கள். 'ஓம், நோன்பு' என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சாப்பிட்டு இரண்டு மணித்தியாலங்கள்தான் ஆகின்றன. பெறுபேறு 130 என்று வருகிறது. சாப்பிட்டு இரண்டு மணித்தியாலங்களின் பின் 140க்குக் குறைவாக இருப்பது சாதாரண அளவு. ஆனால் துண்டிலோ ஃபாஸ்டிங் என்று பதிவாகிவிட்டது. ஃபாஸ்டிங் கணக்கில் 100க்குக் குறைவாக இருந்தால்தான் சாதாரணம். 126ம் அதற்கு மேலும் நீரிழிவின் அளவு. ஒரே இரத்தம், ஒரே எண். ஒரு சொல்லின் பொருள் மாறியதால் சுகமாக உள்ளவர் நோயாளியாகத் தோன்றிவிடுகிறார். வீண் கவலையும் வீண் செலவும் தொடர்கின்றன.

எனவே ரமழானில் இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது 'நோன்பு' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'கடைசியாகச் சாப்பிட்டது இத்தனை மணிக்கு' என்று நேரத்தைச் சொல்லுங்கள். எப்போது இரத்தம் கொடுப்பது பொருத்தம் என்பதை முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டுக் கொள்வது இன்னும் நல்லது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் 'எச்.பி.ஏ.1.சி.' என்ற பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை என்பதையும் அறிந்து வைத்திருங்கள்.

சத்திரசிகிச்சைக்கு முன்பும் 'ஃபாஸ்டிங்' என்பார்கள். மயக்க மருந்து கொடுக்கும்போது இரைப்பையில் உள்ளது மேலெழுந்து சுவாசப்பைக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக அது. பிரசவ வேளையில் மயக்கமுற்ற தாய்மாருக்கு இந்த ஆபத்து நேர்வதை அமெரிக்க வைத்தியர் மெண்டல்சன் 1946ல் விரிவாக எழுதினார். பொதுவாக இலேசான உணவுக்குப் பின் ஆறு மணித்தியாலங்களும், தெளிந்த பானத்துக்குப் பின் இரண்டு மணித்தியாலங்களும் இடைவெளி விடுவது வழக்கம். கொழுப்பு உணவுக்கு இன்னும் கூடுதல். 'பிள்ளை பாவம், ஒரு மிடறு பால்தானே' என்று மறைத்துக் கொடுக்கும் மாமிமார் இருக்கிறார்கள். பால் தெளிந்த பானம் அல்ல. கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சத்திரசிகிச்சை சற்றுத் தள்ளிப் போகலாம். அவ்வளவுதான்.

மருந்துப் பெட்டியில் 'ஃபாஸ்ட் ஆக்டிங்' என்றிருந்தால் அது ஓட்டக் கிளை. விரைவாக வேலை செய்யும் என்பது பொருள். நோன்பில் எடுக்க வேண்டியது என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. குறிப்பாக இன்சுலின் விடயத்தில் கவனம் தேவை. ஃபாஸ்ட் ஆக்டிங் இன்சுலின் சாப்பாட்டோடு சேர்ந்து எடுக்க வேண்டியது. அதை ஏற்றிக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். நோன்பு காலத்தில் மருந்தின் அளவையும் நேரத்தையும் வைத்தியரைக் கேட்காமல் நாமாக மாற்றுவது கூடவே கூடாது.

மணிக்கூடு ஃபாஸ்ட் என்றால்

சுவர் மணிக்கூடு 'ஐந்து நிமிடம் ஃபாஸ்ட்' என்கிறோம். உண்மையான நேரத்தைவிட ஐந்து நிமிடம் கூடக் காட்டுகிறது என்பது பொருள். அந்த மணிக்கூட்டைப் பார்த்து நோன்பு திறந்தால் ஐந்து நிமிடம் முந்தித் திறந்ததாகிவிடும். மாறாக மணிக்கூடு 'ஸ்லோ' என்றால் ஸஹர் நேரம் கடந்த பிறகும் இன்னும் நேரமிருப்பதாக எண்ணிச் சாப்பிட்டுக் கொண்டிருப்போம். காலையில் பாடசாலைக்குப் பிந்தாமல் இருக்க வேண்டுமென்றே முந்த வைத்திருக்கும் மணிக்கூடுகள் பல வீடுகளில் உண்டு. ரமழான் பிறை கண்டதும் முதல் வேலையாக அவற்றைச் சரியாக்கி வையுங்கள்.

ஓடாத சாயம்

துணிக்கடையில் 'ஃபாஸ்ட் கலர்' என்பார்கள். வேகமாகப் போகும் சாயம் என்று எண்ணிவிடாதீர்கள். இது பிடிக் கிளை. துணியை இறுகப் பிடித்த, கழுவினாலும் கரையாத சாயம் என்பது பொருள். சாயம் கரைவதற்கு ஆங்கிலத்தில் 'ரன்', அதாவது ஓடுதல் என்பார்கள். ஃபாஸ்ட்டாக இருக்கும் பிள்ளை நன்றாக ஓடும். ஃபாஸ்ட்டாக இருக்கும் சாயம் ஓடவே ஓடாது!

ஆடைத் தொழிற்சாலைகளில் சாயத்தின் பிடியை அளப்பதற்கு அளவுகோலே இருக்கிறது. கழுவுவதற்கும் உரசுவதற்கும் 1 முதல் 5 வரை. வெயிலுக்கு 1 முதல் 8 வரை. எண் கூடக் கூடச் சாயத்தின் பிடியும் கூடும். இதைப் பரிசோதிக்க நமக்கு இயந்திரம் வேண்டியதில்லை. புது உடுப்பின் உள்மடிப்பை நனைத்து, ஒரு வெள்ளைத் துணியை அதன்மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்த உடுப்பைத் தனியாகக் கழுவுங்கள். பெருநாளைக்குத் தைத்த வெள்ளை ஜுப்பா பத்திக் சாரத்தோடு சேர்ந்து ஊறி நிறம் மாறிய பிறகு வருந்திப் பயனில்லை.

பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னும் சில

உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ விமானம் ஏறினால் 'ஃபாஸன் சீட் பெல்ட்' என்று விளக்கு எரியும். ஆசனப் பட்டியை இறுக்கிக் கட்டுங்கள் என்பது பொருள். இதில் 'ட்' எழுத்தில் மட்டும் உண்டு, உச்சரிப்பில் இல்லை.

'ஃபாஸ்ட் அஸ்லீப்' என்றால் வேகமாகத் தூங்குவதல்ல. அசையாத ஆழ்ந்த உறக்கம். 'ஃபாஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்' என்றால் அவசரத்தில் பிடித்த நட்பு அல்ல. விலகாத நட்பு. 'ஹார்ட் அண்ட் ஃபாஸ்ட் ரூல்' என்றால் தளர்த்த முடியாத கண்டிப்பான விதி. ஆனால் 'ஃபாஸ்ட் லைஃப்' என்றால் கட்டுப்பாடற்ற வாழ்க்கை என்ற கூடாத பொருள் வந்துவிடும். எங்கே பாவிக்கிறோம் என்று பார்த்துப் பாவிக்க வேண்டும்.

பரீட்சைத் தாளில் அடிக்கடி நேரும் பிழைகள் இரண்டு. 'விரைவாக ஓடினான்' என்பதற்கு 'ஃபாஸ்ட்லி' என்று எழுதுவது ஒன்று. நல்ல ஆங்கிலத்தில் அப்படியொரு வழக்கு இல்லை. ஃபாஸ்ட் என்றே எழுத வேண்டும். 'இன்று நான் நோன்பு' என்பதற்கு 'ஐ ஆம் ஃபாஸ்ட்' என்று எழுதுவது மற்றது. இன்று நான் வேகமானவன் என்று அது பொருள்படும். 'ஐ ஆம் ஃபாஸ்டிங்' என்பதே சரி.

அன்புச் சகோதரிகளே! ஆங்கிலம் நமக்கு முழுவதும் தெரியாதே என்று பிள்ளையின் புத்தகத்தை விட்டும் ஒதுங்கியிருக்கத் தேவையில்லை. இந்த ஒரு சொல்லுக்குள்ளேயே கிறிக்கெட்டும் சலவையும் வைத்தியமும் மார்க்கமும் இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றைப் பிள்ளையைவிட நீங்கள் நன்கறிவீர்கள். சமையலறையில் வேலை செய்துகொண்டே 'இது பிடியா, ஓட்டமா, நோன்பா?' என்று கேட்டுப் பாருங்கள். சரியான விடை சொல்லப் பிள்ளை வாக்கியம் முழுவதையும் வாசித்தாக வேண்டும். ஒரு சொல்லைத் தனியே பிடித்துக் கொண்டு முடிவு கட்டாமல் முழுவதையும் வாசித்துப் பொருள் காண்பது நல்ல பழக்கம். பரீட்சையில் புள்ளி வாங்கித் தரும் அதே பழக்கம்தான், நாளை வீட்டில் ஒரு நோயாளியின் மருந்துப் போத்தலைக் கையில் எடுக்கும்போதும் அந்தப் பிள்ளைக்குக் கை கொடுக்கும்.